குணம் பார்த்து எடுத்த வேலை: இங்கிலாந்தில் செவிலியர் நேர்காணலின் வரலாறு

மருத்துவமனை வேலைக்கான நேர்காணல் இன்று விண்ணப்பப் படிவம், சான்றிதழ் சரிபார்ப்பு, குழுவின் முன் சிறிது நேரப் பேச்சு, பிறகு முடிவுக்கான காத்திருப்பு என ஒரு நிலைத்த வடிவம் பெற்றிருக்கிறது. செவிலியர் தொழிலைப் பொறுத்தவரை அந்த வடிவத்தின் முதல் கோடுகள் 1854ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், லண்டன் மாநகரின் செல்வர் குடியிருப்பொன்றில், ஒரு வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில் வரையப்பட்டன என்றும், வேலை கேட்டு வந்தவரின் கைத்திறனைவிட அவருடைய குணத்தையே எடைபோடும் வழக்கம் அந்நாள்களில்தான் வேரூன்றியது என்றும் கூறலாம். அவ்வழக்கம் இத்தொழிலுக்கு மதிப்பைத் தேடித்தந்தது. அதேவேளை, குணம் என்ற பெயரில் வர்க்கத்தையும் தோலின் நிறத்தையும் அளக்கும் வாய்ப்பையும் தேர்வாளர்களின் கையில் கொடுத்தது. இவ்வரலாற்றின் ஆவணங்களில் பெரும்பகுதி மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர்கள் எழுதியவை என்பதால், மேசைக்கு முன்னால் நின்றவர்கள் விட்டுச்சென்ற மிகச் சில பதிவுகளுக்குத் தனிக் கவனம் தர வேண்டியிருக்கிறது.

அதற்கு முந்தைய காலத்தில் செவிலியரைத் தேர்ந்தெடுப்பது வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதிலிருந்து பெரிதும் வேறுபட்டதாக இல்லை. செயின்ட் தாமஸ், கைஸ், லண்டன் மருத்துவமனை முதலிய பெரிய நிறுவனங்கள் நன்கொடையாலும் அறக்கட்டளை வருமானத்தாலும் நடந்தவை. அவற்றில் மேட்ரன் எனப்பட்ட பெண் அதிகாரி, நோயாளிகளைக் கவனிப்பவராக அன்றி, துணிமணி, படுக்கை, சமையல், வேலையாட்கள் ஆகியவற்றை மேற்பார்க்கும் இல்ல நிர்வாகியாகவே இருந்தார். விதவைகளும் முன்பு வீட்டு வேலை பார்த்த பெண்களும் அவரிடம் வந்து நின்று, தெரிந்தவர் ஒருவரின் நற்சொல்லின் பேரில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஒரு கூடத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்ற மூத்த செவிலியர் ‘சிஸ்டர்’ எனப்பட்டார். அவர்களில் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஒரே கூடத்தில் பணியாற்றி, அறுவைப் புண்ணுக்குக் கட்டுப்போடுவதில் இளம் மருத்துவர்களுக்கே வழிகாட்டும் அளவுக்குத் தேர்ந்திருந்தனர். ஆயினும் பொதுமக்களின் மனத்தில் பதிந்த உருவம் அவர்களுடையது அன்று. சார்லஸ் டிக்கன்ஸ் 1840களில் எழுதிய ‘மார்ட்டின் சசில்விட்’ நாவலில் வரும் சேரி கேம்ப் என்ற குடிகாரச் செவிலியின் உருவமே அத்தொழிலின் முகமாக நின்றது. ஆங்கிலத் திருச்சபையின் சார்பில் 1848இல் தொடங்கப்பட்ட செயின்ட் ஜான்ஸ் இல்லம் போன்ற அமைப்புகள், சமயப் பற்றுள்ள பெண்களைப் பயிற்றுவித்து அந்த முகத்தை மாற்ற முற்பட்டன.

இந்நிலையில்தான் கிரிமியப் போர் வந்தது. 1854 செப்டம்பர் 20ஆம் நாள் நடந்த ஆல்மாப் போருக்குப் பின், காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்கள் கருங்கடலைக் கடந்து கான்ஸ்டாண்டினோப்பிளின் ஆசியக் கரையிலிருந்த ஸ்குட்டாரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது, அவர்களுக்குக் கட்டுத்துணிகூடக் கிடைக்கவில்லை என்ற செய்தியை அக்டோபர் மாதத்தில் ‘டைம்ஸ்’ நாளிதழ் வெளியிட்டது. பிரெஞ்சுப் படைக்கு அருட்சகோதரிகள் பணிவிடை செய்கையில் ஆங்கிலேயப் படைக்கு ஏன் எவரும் இல்லை என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. போர்த்துறைப் பொறுப்பிலிருந்த அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட், லண்டனில் நோயுற்ற கனவான் குடும்பத்துப் பெண்களுக்கான சிறு மருத்துவ இல்லமொன்றை நடத்திவந்த 34 வயது பிளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கு அக்டோபர் 15ஆம் நாள் கடிதம் எழுதினார். அவரும் அதற்கு முந்தைய நாளே ஹெர்பர்ட்டின் மனைவிக்கு எழுதியிருந்ததால், இரு கடிதங்களும் வழியில் ஒன்றையொன்று கடந்தன. அக்டோபர் 21ஆம் நாள் குழு புறப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. இடைப்பட்ட ஆறு நாள்களில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

தேர்வு நடந்த இடம் பெல்கிரேவ் சதுக்கத்தின் 49ஆம் எண் கொண்ட ஹெர்பர்ட்டின் இல்லம். பேராயர் குடும்பத்தைச் சேர்ந்த மேரி ஸ்டான்லி, நைட்டிங்கேலின் தோழி செலினா பிரேஸ்பிரிட்ஜ் முதலிய உயர்குடிப் பெண்கள் அங்கே நாள் முழுவதும் அமர்ந்து வந்தவர்களை விசாரித்தனர். லண்டன் முழுவதும் சல்லடைபோட்டுத் தேடியும் ஏற்கத்தக்கவர்கள் அரிதாகவே கிடைத்தனர் என்றும், வந்த பெண்களை வீட்டுக்குள் விடவே கூச்சமாக இருந்தது என்றும், ஒரே ஒருத்தி மட்டும்தான் நல்ல நோக்கத்தோடு போக விரும்புவதாகச் சொன்னாள், மற்றவர்களுக்குப் பணமே குறி என்றும் மேரி ஸ்டான்லி பின்னர் எழுதினார். இந்தக் குறிப்பைப் பிற்கால வரலாற்று நூல்கள் பலவும் அப்படியே எடுத்தாண்டு, வந்தவர்களின் தாழ்வுக்கு அதையே சான்றாகக் கொண்டன.

அக்குறிப்பை அத்துணை எளிதாக ஏற்க இயலாது. லண்டன் மருத்துவமனைகளில் ஒரு செவிலியின் வாரக் கூலி அப்போது ஏறத்தாழ 7 முதல் 10 ஷில்லிங் வரை இருந்தது. ஸ்குட்டாரிக்குச் செல்வோருக்கு உணவும் உறைவிடமும் சீருடையும் போக 12 முதல் 14 ஷில்லிங் தருவதாகவும், நன்னடத்தை காட்டினால் அது உயரும் என்றும் அறிவிக்கப்பட்டது. காலராவும் போரும் நிறைந்த தொலைதூர நாட்டுக்குப் போகத் துணிந்த ஓர் உழைக்கும் பெண், கூலி கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக வந்தேன் என்று உண்மையைச் சொன்னதையே தேர்வாளர்கள் குறையாகக் கண்டனர். விசாரித்த பெண்களில் எவருக்கும் கூலிக்கு உழைக்கும் தேவை இருந்ததில்லை; நைட்டிங்கேலுக்கே தந்தை ஆண்டுக்கு 500 பவுண்டு படியளந்துவந்தார். படையோடு சென்ற மருத்துவர்களிடம் சம்பளத்துக்காகவா வருகிறீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. பணிவிடையை அன்பின் வெளிப்பாடாக மட்டும் பார்த்து, அதற்குக் கூலி கேட்பதை இழிவாகக் கருதிய மனப்போக்கு இத்தொழிலின் நேர்காணலில் முதல் நாளிலேயே புகுந்துகொண்டது. இத்தொழிலில் ஊதியக் கோரிக்கை பின்னாளில் சந்தித்த தயக்கங்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட 38 பேரில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர், 8 பேர் டெவன்போர்ட்டைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் சகோதரிகள், 6 பேர் செயின்ட் ஜான்ஸ் இல்லத்தார். மருத்துவமனைகளில் கூலிக்கு வேலை பார்த்துவந்தவர்கள் 14 பேர் மட்டுமே. இந்தப் பதினால்வரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அவர்களிடம் தேர்வாளர்களுக்கு இருந்த நம்பிக்கையின் அளவைத் துல்லியமாகக் காட்டுகிறது. நைட்டிங்கேலின் கட்டளைக்கு முழுமையாகக் கீழ்ப்படிய வேண்டும் என்பது முதல் நிபந்தனை. வீரர்களோடு முறைகேடாகப் பழகினால் உடனடிப் பணிநீக்கம். நோயுற்றுத் திரும்புவோருக்கு முதல் வகுப்புப் பயணம், ஒழுக்கக்கேட்டுக்காகத் திருப்பி அனுப்பப்படுவோருக்கு மூன்றாம் வகுப்பும் உப்பிட்ட இறைச்சியும் என்று தண்டனைகூட விரிவாக வகுக்கப்பட்டிருந்தது. நாள்தோறும் அருந்தத்தக்க போர்ட்டர் என்னும் கருநிற பீரின் அளவும் வரையறுக்கப்பட்டது. சீருடையாக முரட்டுச் சாம்பல் நிற அங்கியும், வெள்ளைத் தொப்பியும், சிவப்பு நூலில் ‘ஸ்குட்டாரி மருத்துவமனை’ என்று தைக்கப்பட்ட தோள்துண்டும் அளிக்கப்பட்டன. அவசரத்தில் தைத்த அந்த உடைகள் பலருக்கு அளவில் பொருந்தவே இல்லை. தலையில் வண்ண நாடாவோ பூவோ அணியக்கூடாது என்ற விதியும் இருந்தது.

தேர்வு எவ்வளவு சரியாக அமைந்தது என்பதற்குச் சான்று ஸ்குட்டாரியிலேயே கிடைத்தது. கூலிச் செவிலியரில் சிலர் குடிப்பழக்கத்தால் திருப்பி அனுப்பப்பட்டது உண்மையே. ஆனால் அதே வகுப்பைச் சேர்ந்த எலிசா ராபர்ட்ஸ், செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர், அறுவைப் புண்களைக் கையாள்வதில் அங்கிருந்த எவரையும்விடச் சிறந்தவர் என்று நைட்டிங்கேலாலேயே போற்றப்பட்டார். 1855 மே மாதம் நைட்டிங்கேல் கிரிமியக் காய்ச்சலில் உயிருக்குப் போராடியபோது உடனிருந்து காத்தவரும் அவரே. நல்ல நோக்கத்தோடு வந்த சமயச் சகோதரிகள் சிலரோ, நோயாளியின் உடலைவிட ஆன்மாவையே கவனிக்கிறார்கள் என்று நைட்டிங்கேலின் குறைகூறலுக்கு ஆளாயினர். நோக்கத்தைக் கேட்டுத் திறமையைக் கணிக்க இயலாது என்பதை அவர் நேரில் கண்டிருந்தும், பின்னாளில் அவர் வகுத்த தேர்வு முறை நோக்கத்துக்கும் குணத்துக்குமே முன்னிடம் தந்தது.

இந்த நேர்காணலை எதிர்ப்பக்கத்திலிருந்து பதிவுசெய்தவர்களில் முதன்மையானவர் மேரி சீக்கோல். 1805இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், ஸ்காட்லாந்துப் படையதிகாரி ஒருவருக்கும், தங்கும் விடுதி நடத்திக்கொண்டே மூலிகை வைத்தியம் செய்துவந்த கலப்பினப் பெண் ஒருவருக்கும் மகளாகப் பிறந்த அவர், தாயிடம் வைத்தியம் கற்றவர். 1850இல் ஜமைக்காவிலும் அதற்கடுத்து பனாமாவிலும் பரவிய காலராவில் எண்ணற்ற நோயாளிகளைக் கவனித்தவர். 1853இல் மஞ்சள் காய்ச்சல் வந்தபோது கிங்ஸ்டனை அடுத்த படை முகாமுக்குச் செவிலியரை ஏற்பாடு செய்யும்படி படை மருத்துவ அதிகாரிகளாலேயே கேட்டுக்கொள்ளப்பட்டவர். காலராவையும் காய்ச்சலையும் கண்ணால் கண்ட அனுபவத்தில் பெல்கிரேவ் சதுக்கத்தில் கூடிய பெரும்பாலானோர் அவருக்கு ஈடாக மாட்டார்கள். ஜமைக்காவில் தாம் அறிந்திருந்த படைப்பிரிவுகள் போர்முனைக்குச் சென்றுவிட்டன என்று கேள்வியுற்று, 1854 இலையுதிர் காலத்தில் லண்டனில் இருந்த அவர் செவிலியராகச் செல்ல விண்ணப்பித்தார். தங்கச் சுரங்க நிறுவனமொன்றின் முன்னாள் மருத்துவ அதிகாரி தந்த நற்சான்றும் அவர் கையில் இருந்தது. அதை அவர் 1857இல் வெளியிட்ட தம் தன்வரலாற்று நூலில் அச்சிட்டிருக்கிறார்.

அந்நூல் விவரிக்கும் அலைச்சல், வேலை தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்கிய எவருக்கும் விளங்கக்கூடியது. முதலில் போர் அலுவலகத்துக்குப் பல நாள் நடந்தும் உரியவரைக் காண முடியவில்லை. படைத் தளவாடப் பிரிவுக்குச் சென்றபோது, அங்கிருந்த கனவான் அவர் சொன்னதை வேடிக்கை பார்ப்பதுபோல் மரியாதையோடு கேட்டு முடித்துவிட்டு, மருத்துவப் பிரிவைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார். பின்னர் அவர் ஹெர்பர்ட்டின் இல்லத்தையே நாடினார். அதன் பெரிய முன்கூடத்தில் மணிக்கணக்கில் காத்திருந்தார். வருவோரும் போவோரும் அவரை வியப்போடு பார்த்துக் கடந்தனர். என்ன சாக்குச் சொல்லியும், எவ்வளவு அலட்சியம் காட்டியும் எழுந்து போகாத அந்த நிறமுள்ள பெண்ணைக் கண்டு வாயிற்சேவகர்கள் எரிச்சலுற்றனர். இறுதியில், தேவையான செவிலியர் அனைவரும் கிடைத்துவிட்டனர், தங்கள் கோரிக்கையை ஏற்பதற்கில்லை என்று அமைச்சரின் மனைவியிடமிருந்து வாய்மொழிச் செய்தி வந்தது. சீக்கோல் மறுபடியும் முயன்று, நைட்டிங்கேலின் தோழியருள் ஒருவரை நேரில் சந்தித்தார். கிடைத்த விடை அதேதான். ஆனால் இடம் காலியாக இருந்திருந்தாலும் தம்மை எடுத்திருக்கமாட்டார்கள் என்பதை அந்தப் பெண்மணியின் முகத்தில் படித்துக்கொண்டதாக அவர் எழுதுகிறார். கிரிமிய நிதி என்ற நன்கொடை அமைப்பும் கைவிரித்த பின், இருட்டிக்கொண்டுவந்த குளிர்காலத் தெருவில் நின்று, தம் தோலின் நிறம் சற்றே கறுத்திருப்பதால்தான் இந்தப் பெண்கள் தம் உதவியை ஏற்கத் தயங்கினார்களோ என்று எண்ணி அழுததையும் அவர் மறைக்கவில்லை.

இந்நிகழ்ச்சியை நிறவெறியின் தெளிவான சான்றாகக் கொள்வோரும், அவ்வாறு கொள்ளலாகாது என்போரும் வரலாற்றாளர்களிடையே உண்டு. சீக்கோல் விண்ணப்பித்தபோது நைட்டிங்கேல் ஏற்கெனவே புறப்பட்டுப் போயிருந்தார் என்பதும், டிசம்பரில் மேரி ஸ்டான்லி அழைத்துச் சென்ற இரண்டாம் குழுவுக்கே ஆள் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்பதும், மருத்துவமனை அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனை அவரிடம் நிறைவேறவில்லை என்பதும், அவருக்கு அப்போது ஏறத்தாழ 50 வயது என்பதும் மறுப்போர் முன்வைக்கும் வாதங்கள். அவை கவனத்துக்குரியவை, எனினும், அந்த இரண்டாம் குழுவில் இடம்பெற்ற வேல்ஸ் நாட்டுப் பெண்ணான பெட்சி கட்வாலடருக்கு வயது 65ஐ ஒட்டியிருந்தது என்பதை நோக்கும்போது, வயதைக் காரணமாகச் சொல்வது வலுவிழக்கிறது. மறுப்புக்கான காரணத்தை எவரும் சீக்கோலிடம் சொல்லவில்லை என்பதும், அவர் அதை ஒருவரின் முகத்திலிருந்து தாமாகவே படித்தறிய வேண்டியிருந்தது என்பதும் அந்த நேர்காணலின் தலையாய குறை. சீக்கோல் தம் சொந்தச் செலவில் கிரிமியாவுக்குச் சென்று, 1855இல் பலக்லாவாவுக்கு அருகே ‘பிரிட்டிஷ் ஹோட்டல்’ என்ற விடுதியை அமைத்து, வீரர்களுக்கு உணவும் மருந்தும் அளித்தார்.

பெட்சி கட்வாலடரின் அனுபவம் வேறுவகையானது. பாலா என்ற சிற்றூரை அடுத்துப் பிறந்து, வீட்டுப் பணிப்பெண்ணாகவும் கப்பல்களில் பயணிகளின் பணியாளாகவும் உலகின் பல பகுதிகளைச் சுற்றிவந்து, முதிய வயதில் கைஸ் மருத்துவமனையில் செவிலியாக இருந்தவர் அவர். தேர்வில் வென்றவர் என்றபோதும், நைட்டிங்கேல் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே தமக்குப் பிடிக்கவில்லை என்றும், ஒருவரின் பெயரைக் கேட்டதும் அவரோடு ஒத்துப்போகுமா என்று தம் மனத்துக்குத் தெரிந்துவிடும் என்றும், 1857இலேயே வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் சொல்லியிருக்கிறார். தேர்வாளர்கள் தம்மை எடைபோட்ட அதே முறையில், அதாவது முதல் தோற்றத்தையும் உள்ளுணர்வையும் கொண்டு, அவரும் அவர்களை எடைபோட்டார். ஸ்குட்டாரியில் வேலையின்றி வைத்திருக்கப்பட்டதைப் பொறாமல், நைட்டிங்கேலின் விருப்பத்துக்கு மாறாகப் பலக்லாவாவுக்குச் சென்று புண்களைக் கழுவினார், சமையலறையை நடத்தினார். தேர்வு பெற்ற ஒருவரும் மறுக்கப்பட்ட ஒருவரும் ஒரே ஆண்டில் தத்தம் கதையை நூலாக்கியது, நேர்காணல் வரலாற்றில் மிக அரிதான பேறு.

போருக்குப் பின் பொதுமக்கள் திரட்டிய ஏறத்தாழ 45,000 பவுண்டு நிதியைக் கொண்டு, 1860இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. ‘புரொபேஷனர்’ எனப்பட்ட பயிலுநர்களுக்கு 25 முதல் 35 வரை வயது இருக்க வேண்டும்; நன்னடத்தைச் சான்றும் உடல்நலச் சான்றும் தேவை; ஓராண்டுப் பயிற்சிக் காலத்தில் உணவு, உறைவிடம், சீருடையோடு 10 பவுண்டு வழங்கப்படும். முதல் தொகுதியில் 15 பேர் சேர்ந்தனர். அவர்களை நேரில் கண்டு ஏற்கவும் விலக்கவும் அதிகாரம் பெற்றவர், 1854 முதல் 1887 வரை அங்கு மேட்ரனாக இருந்த சாரா வார்ட்ரோப்பர். சேர்த்துக்கொள்வதோடு தேர்வு முடியவில்லை என்பதே இப்பள்ளியின் தனித்தன்மை. ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஒரு தாள் நிரப்பப்பட்டது. அதன் ஒரு பகுதியில் கட்டுப்போடுதல், அட்டை வைத்தல், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தல் போன்ற தொழில்நுட்பங்களும், மறுபகுதியில் நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை முதலிய ஒழுக்கங்களும் மிகச்சிறப்பு என்பது தொடங்கிச் சுழியம் வரை தரம் பிரித்துக் குறிக்கப்பட்டன. இவ்வாறு நேர்காணல் ஒரு நாள் நிகழ்வாக அல்லாமல் ஓராண்டு முழுவதும் நீண்டது.

இந்தப் பள்ளியின் முறை கடல் கடந்து பரவியபோது விண்ணப்பப் படிவமும் வளர்ந்தது. 1873இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியும் அதையொட்டி எழுந்த பிற அமெரிக்கப் பள்ளிகளும் விண்ணப்பதாரரிடம் பிறந்த நாள், உயரம், எடை, படித்த இடம், பார்வையும் செவியும் குறையற்றவையா, நெஞ்சுநோய்க் குறி உண்டா என்றெல்லாம் கேட்டன; கன்னியா, விதவையா என்றும், விதவையாயின் குழந்தைகள் எத்தனை, அவர்களை யார் காப்பாற்றுகிறார்கள் என்றும் கேட்டன. கணவன் உயிரோடிருக்கும் பெண் என்ற நிலைக்கு அந்தக் கேள்வியில் இடமே ஒதுக்கப்படவில்லை. திருமணமானால் வேலையை விட வேண்டும் என்ற எழுதாத விதி, பிரிட்டனில் இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை பெரிதும் நீடித்தது.

மேட்ரன் ஒருவரின் தனிக்கணிப்பு எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு ஈடித் கேவெல் குறித்த பதிவைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. லண்டன் மருத்துவமனையில் 1880 முதல் 1919 வரை மேட்ரனாக இருந்த ஈவா லூக்கெஸ், தம்மிடம் பயின்ற ஒவ்வொருவரைப் பற்றியும் பேரேடு ஒன்றில் தம் கையால் மதிப்பீடு எழுதிவைத்தார். 1896இல் சேர்ந்த கேவெல் பற்றிய குறிப்பு, தன்னைத்தானே போதுமென்று கருதும் அவரது போக்கு பிறருக்கு அவர்மேல் வெறுப்பை உண்டாக்கக்கூடியது என்றும், மனம் வைத்தால் செய்யக்கூடியவரே ஆயினும் வேலையில் அவ்வளவு ஈடுபாடு இல்லை என்றும், நேரந்தவறாமை அறவே இல்லை என்றும், முழுதும் நம்பத்தக்க செவிலியர் அல்லர் என்றும் கூறுகிறது. அதே கேவெல் 1907இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பெல்ஜியத்தின் புதிய செவிலியர் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். முதல் உலகப்போரில் நேச நாட்டு வீரர்கள் தப்பிச்செல்ல உதவியதற்காக 1915 அக்டோபர் 12ஆம் நாள் ஜெர்மானியரால் சுட்டுக்கொல்லப்பட்டார். எல்லா உயிரையும் ஒன்றாகக் கருதிக் காயமுற்ற ஜெர்மானியரையும் கவனித்தவர் என்று நினைவுகூரப்படுகிறார். லூக்கெஸ் கவனக்குறைவானவர் அல்லர். மருத்துவமனையின் தரத்தைப் பெரிதும் உயர்த்தியவர். அத்தகையவரும் ஒருவரின் உள்ளுரத்தைக் காணத் தவறினார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

இக்கணிப்பு அதிகாரத்துக்கு எதிராக எழுந்த இயக்கம் பதிவேட்டுக் கோரிக்கை. செயின்ட் பார்தாலமியூ மருத்துவமனைக்கு 24 வயதிலேயே மேட்ரனான எத்தல் மேன்சன், 1887இல் மருத்துவர் பெட்ஃபர்டு ஃபென்விக்கை மணந்து பதவியிலிருந்து விலகிய பின், செவிலியர் சங்கம் ஒன்றைத் தொடங்கி, மூன்றாண்டுப் பயிற்சியும் பொதுத்தேர்வும் முடித்தவர்களின் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று வாதாடினார். நைட்டிங்கேலும் லூக்கெஸும் அதைக் கடுமையாக எதிர்த்தனர். செவிலியரின் குணத்தை எந்தத் தேர்வுத்தாளும் அளக்க முடியாது, பதிவேட்டில் ஏறிய பெயர் அவர் இன்று எப்படி நடந்துகொள்கிறார் என்பதைச் சொல்லாது என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் உண்மை இருந்தது. ஆனால் பொதுத்தேர்வு இல்லாதவரை ஒரு பெண்ணின் எதிர்காலம் முழுவதும் ஒரே மேட்ரனின் சொல்லில் தொங்கியது என்ற உண்மையை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. முப்பதாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1919 டிசம்பரில் செவிலியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. 1921இல் பதிவேட்டின் முதல் பெயராக ஃபென்விக்கின் பெயர் எழுதப்பட்டது.

பதிவேடு திறமைக்கு ஒரு பொது அளவுகோலைத் தந்தது. வேலைக்கு எடுப்பதோ மறுப்பதோ மருத்துவமனையின் விருப்பமாகவே தொடர்ந்தது. கிங்ஸ்டனில் பிறந்து 1904இல் லண்டன் வந்து மருத்துவம் படித்து 1910இல் தகுதி பெற்ற ஹெரால்டு மூடி, படிப்பில் பரிசுகள் வென்றவராக இருந்தும், கறுப்பின மருத்துவரோடு பணியாற்ற மேட்ரன் ஒப்பமாட்டார் என்ற காரணத்தால் மருத்துவமனைப் பதவி மறுக்கப்பட்டு, 1913இல் பெக்கம் பகுதியில் தனியே மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். அவர் 1931இல் நிறுவிய நிறமுடை மக்கள் சங்கம், செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் கறுப்பினப் பெண்களை மருத்துவமனைகள் திருப்பி அனுப்புவதற்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடியது. நைட்டிங்கேலின் பள்ளியிலேயே பயின்ற நைஜீரியரான கோஃபோவொரோலா பிராட் 1950இல் பதிவுபெற்ற செவிலியரானார். பிற்காலத்தில் தம் நாட்டின் தலைமைச் செவிலிய அதிகாரியாகவும் உயர்ந்தார்.

1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியபின் நிலைமை தலைகீழானது. ஆள் பற்றாக்குறை கடுமையாக இருந்ததால் அரசே கரீபியத் தீவுகளுக்கும் பிற குடியேற்ற நாடுகளுக்கும் சென்று ஆள் தேடியது. உள்ளூரில் தேர்வுக் குழுக்கள் அமைத்துப் பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்களை நேர்காணல் செய்தது. இம்முறை வாயிற்கதவு அகலத் திறந்திருந்தது. பாகுபாடு கதவைத் தாண்டிய பின் நிகழ்ந்தது. பிரிட்டனில் அப்போது இருவகைப் பயிற்சி இருந்தது: மூன்றாண்டுப் படிப்பு முடித்தவர் அரசுப் பதிவுச் செவிலியர், கூடத் தலைமைக்கும் அதற்கு மேலும் உயரக்கூடியவர், இரண்டாண்டுப் பயிற்சி பெற்றவர் அரசுப் பட்டியல் செவிலியர், அடிமட்டப் பணிவிடையைத் தாண்ட முடியாதவர். தீவுகளிலிருந்து வந்த பெண்கள் பலர், முதல் வகைக்குரிய கல்வித் தகுதி இருந்தும், வேறுபாடு விளக்கப்படாமலே இரண்டாம் வகையில் சேர்க்கப்பட்டனர். தங்கள் சான்றிதழ் பிறந்த நாட்டில் செல்லாது என்பதைப் பயிற்சி முடியும் தறுவாயில்தான் அறிந்துகொண்டதாக அத்தலைமுறையினர் பலர் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் கூறியிருக்கின்றனர். சீக்கோலுக்கு மறுப்பின் காரணம் சொல்லப்படவில்லை. இவர்களுக்குச் சேர்க்கையின் பொருள் சொல்லப்படவில்லை.

அண்மைக் காலத்தில் இருவேறு மாற்றங்கள் ஒன்றையொன்று சந்தித்திருக்கின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம், மருத்துவ மாணவர் சேர்க்கையில் ஒரே குழுவின் கணிப்பு நம்பத்தகாததாக இருப்பதைக் கண்டு, 2002இல் பல குறு நேர்காணல் என்ற முறையைச் சோதித்தது. விண்ணப்பதாரர் ஒரு நடைவழியில் வரிசையாக அமைந்த பத்து அறைகளுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் வேறு வேறு தேர்வாளரின் முன் ஒரு சூழ்நிலைக்கு விடையளிக்கிறார். எனவே ஒருவரின் விருப்பு வெறுப்பு முடிவை நிர்ணயிப்பதில்லை. மறுபுறம், இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டு மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது குறித்து 2013 பிப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை, செவிலியரைத் தேர்ந்தெடுக்கையில் பரிவும் விழுமியங்களும் சோதிக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. அதன்பின் விழுமிய அடிப்படையிலான தேர்வு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. நோயாளிக்குத் தண்ணீர் தராத செவிலியரிடம் எந்தப் பட்டமும் பயனற்றது என்பதால் குணத்தைக் கேட்கத்தான் வேண்டும். அதைப் பலர், தனித்தனியே, எழுதிவைத்த அளவுகோலின்படி கேட்பதே நேர்மையான வழி.

அந்த நேர்மை எட்டப்பட்டதா என்பதைச் சோதிக்க, நலவாழ்வுச் சேவை 2015இல் இனச் சமத்துவ அளவீடு ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மருத்துவமனை அமைப்பும், குறும்பட்டியலில் இடம்பெற்றவர்களில் வெள்ளையரும் பிற இனத்தவரும் எந்த விகிதத்தில் நியமனம் பெற்றனர் என்பதை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். அடுத்தடுத்து வந்த அறிக்கைகளில் வெள்ளையரின் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவே இருந்துவருகிறது. பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நேர்காணலுக்குச் சென்று தேர்வாகாத ஒருவர், தேர்வாளர்கள் தம்மைப் பற்றி அப்போது எழுதிய குறிப்புகளின் நகலை எழுத்துமூலம் கேட்டுப் பெறலாம். நிறுவனம் அதற்கு ஒரு மாதத்துக்குள் விடையளித்தாக வேண்டும்.